கடைசி இரண்டு நிமிடம்



இந்தப் பகுதியிலே இதுவரை பனிக்காலச் சப்பாத்து வாங்குவது, வாடகைப் பத்திரம் வாசிப்பது, பிள்ளைகளின் பள்ளிக்கூட அறிக்கையை விளங்கிக்கொள்வது என்று வீட்டுக்கு உடனே உதவுகிற விடயங்களையே எழுதி வந்தோம். இம்முறை ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுகிறோம். ஸ்காபரோவில் இருக்கிற ஒரு தாயார் எங்களைக் கடையிலே கண்டு கேட்ட கேள்விதான் இதற்குக் காரணம்.

“தம்பி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருந்தால் என்ரை மூத்தவன் ரிவிக்கு முன்னாலை இருந்து எழும்புறானில்லை. சாப்பிட வா எண்டால், ‘இன்னும் இரண்டு நிமிசம்தான் அம்மா’ எண்டுறான். நானும் சோறு போட்டு வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன். கறி ஆறிப்போகுது. இருபது நிமிசம் போகுது. அந்த இரண்டு நிமிசம் இன்னும் முடியேல்லை. இவன் என்னைப் பேய்க்காட்டுறானோ?”

இல்லை அம்மா, மகன் பேய்க்காட்டவில்லை. அமெரிக்க உதைபந்தாட்டத்தின் கடைசி இரண்டு நிமிடம் எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூட்டில் ஓடுகிற இரண்டு நிமிடம் அல்ல. அந்த மணிக்கூட்டை நிற்பாட்டவும் ஓடவிடவும் இரண்டு அணிகளும் மல்லுக்கட்டுகின்றன. சொல்லப்போனால் அந்த மல்லுக்கட்டுத்தான் விளையாட்டின் சாரம். அதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஓ.எல். சோதனையோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்கள் நாங்கள். இப்போது பெட்டி அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. இந்த விளையாட்டைப் புத்தகத்தில் படித்து அறியவில்லை. திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு மேசையிலே போலந்துக்காரர், பிலிப்பினோக்காரர், ஜமேக்காக்காரர் எல்லோருக்கும் இதே கதைதான். விளங்காதவன் தன் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அப்படி எத்தனை திங்கட்கிழமைக்கு இருப்பது? கேட்டுக் கேட்டு, பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டதைத்தான் இங்கே தருகிறோம்.

முதலில் விளையாட்டு என்ன என்று சுருக்கமாக

உதைபந்தாட்டம் என்று பெயர் இருந்தாலும் பந்தைக் கையால் கொண்டு ஓடுவதும் எறிவதுமே இதில் பெரும்பங்கு. ஊரிலே கிளித்தட்டு மறித்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். பெட்டி பெட்டியாக முன்னேறி அந்தத்தலையைத் தொட வேண்டும், மறிக்கிறவன் மறிப்பான்.

மைதானம் 100 யார் நீளம். புடைவைக் கடையிலே சீத்தை அளக்கிற அதே யார்தான். ஒவ்வொரு பக்கமும் 11 பேர். பந்து வைத்திருக்கிற அணிக்கு நாலு தடவை கொடுப்பார்கள். அந்த நாலு தடவைக்குள் 10 யார் முன்னேறினால் மறுபடியும் புதிதாக நாலு தடவை. முன்னேறாவிட்டால் பந்து மற்றவனுக்கு. அந்தத்தலைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி. இதனை ரச்டவுன் என்பார்கள். பிறகு ஒரு சின்ன உதைக்கு மேலதிகமாக 1. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் நின்ற இடத்தில் இருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவாலே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். கம்பங்கள் கோட்டுக்கு 10 யார் பின்னாலே நிற்கின்றன. உதைக்கிறவரும் சில யார் பின்னாலே நின்றுதான் உதைப்பார். ஆகவே பந்து 30 யார் கோட்டில் இருந்தால் உதை 48 யார் அளவுக்கு வரும். இந்தக் கணக்கை மனதில் வைத்திருங்கள். பிறகு வேண்டும்.

கனடாவுக்குச் சொந்தமான ஆட்டமும் ஒன்று உண்டு. ரொறன்ரோ ஆர்கோநட்ஸ் விளையாடுவது அதைத்தான். அதிலே 12 பேர். நாலு தடவைக்குப் பதிலாக மூன்றே தடவை. இன்று நாங்கள் எழுதுவது அமெரிக்க ஆட்டத்தைப் பற்றி.

பந்தை முதலில் கையில் வாங்குகிறவர் குவாட்டர்பக். ஓடுகிறவனிடம் கொடுப்பதா, யாருக்கு எறிவது, எறியாமல் விடுவதா என்று இரண்டு மூன்று வினாடிக்குள் தீர்மானிப்பவர் அவர்தான். அந்த நேரம் முழுவதும் பெரிய பெரிய ஆட்கள் அவரை விழுத்த ஓடி வந்துகொண்டிருப்பார்கள்.

மணிக்கூடு எப்போது நிற்கும்?

மொத்த ஆட்டம் 60 நிமிடம். பந்தோடு ஓடியவன் மைதானத்துக்கு உள்ளே விழுத்தப்பட்டால் மணிக்கூடு ஓடிக்கொண்டே இருக்கும். எறிந்த பந்தை ஒருவரும் பிடிக்காவிட்டால் நிற்கும். ஆட்டம் முடியப்போகிற கடைசி ஐந்து நிமிடங்களில், பந்தோடு பக்கக் கோட்டுக்கு வெளியே போனாலும் நிற்கும். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பாதி ஆட்டத்துக்கு மூன்று ரைம்அவுட். அதாவது தாங்களாகவே கேட்டு மணிக்கூட்டை நிற்பாட்டுகிற உரிமை மூன்று தரம். இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கும்போது நடுவர்களே ஒருமுறை நிற்பாட்டுவார்கள்.

இன்னுமொரு வழியும் உண்டு. குவாட்டர்பக் பந்தை வாங்கியவுடனே காலடியில் நிலத்தில் ஓங்கி அடிப்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் கோபத்தில் அடிக்கிறார் என்று நினைப்பார்கள். கோபமல்ல. பிடிபடாத பந்து என்று கணக்கெடுத்து மணிக்கூடு நிற்கும். ஆனால் நாலு தடவையில் ஒன்று போய்விடும். நேரத்தைக் கொடுத்துத் தடவையை வாங்கலாம், தடவையைக் கொடுத்து நேரத்தை வாங்கலாம். எது கையில் கூட இருக்கிறது, எது குறைய இருக்கிறது என்று பார்த்துச் செலவழிக்க வேண்டும். சம்பளம் வருகிற கிழமையும் வராத கிழமையும் வீட்டுச் செலவை எப்படிப் பார்க்கிறோமோ அப்படித்தான்.

புள்ளியில் பின்னுக்கு நிற்கிறவனுக்கு மணிக்கூடு நிற்க வேண்டும். முன்னுக்கு நிற்கிறவனுக்கு ஓட வேண்டும். இதனால்தான் இரண்டு நிமிடம் இருபது நிமிடமாக இழுபடுகிறது.

தீர்மானம் யாருடையது?

என்ன ஆட்டம் ஆடுவது என்பதைப் பயிற்சியாளர்தான் வெளியே நின்று சொல்லுகிறார். 1994ஆம் ஆண்டு தொடக்கம் குவாட்டர்பக்கின் தலைக்கவசத்துக்குள் சின்ன வானொலிக் கருவி வைத்திருக்கிறார்கள். அதனூடாகப் பயிற்சியாளரின் குரல் கேட்கும். ஆனால் ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்க 40 வினாடி ஓடும் அல்லவா, அதில் 15 வினாடி மிச்சம் இருக்கும்போது அந்தக் குரலை வெட்டிவிடுவார்கள். சட்டமே அப்படி. அதற்குப் பிறகு எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, சொல்லப்பட்ட திட்டத்தை மாற்றுவதா வைத்திருப்பதா என்பது குவாட்டர்பக் ஒருவரின் பொறுப்பு. எண்பதாயிரம் பேர் கத்துகிற இடத்தில், காதுக்குள் ஒரு சத்தமும் இல்லாமல், தனியே நிற்கிற அந்த 15 வினாடியை நினைத்துப் பாருங்கள்.

அப்படி நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சில உதாரணங்களால் காட்டுகிறோம்.

1989: பதறாத மனிதர்

இறுதிப் போட்டியை இவர்கள் சுப்பர்போல் என்கிறார்கள். 1989 ஜனவரி 22ஆம் திகதி மயாமியில் நடந்தது 23ஆவது சுப்பர்போல். சின்சினாட்டி அணி 16, சான்பிரான்சிஸ்கோ அணி 13. மிச்சம் 3 நிமிடம் 10 வினாடி. சான்பிரான்சிஸ்கோ தன்னுடைய 8 யார் கோட்டில் நிற்கிறது. போக வேண்டியது 92 யார். குவாட்டர்பக் ஜோ மொன்ரானா. பயிற்சியாளர் பில் வோல்ஷுக்கு அந்த அணியோடு அதுவே கடைசி ஆட்டம்.

எல்லோரும் உடல் விறைத்து நிற்கிற நேரத்தில் மொன்ரானா பார்வையாளர் பக்கம் பார்த்து, அங்கே நிற்பது ஜோன் கண்டி அல்லவா என்று பக்கத்தில் நின்ற தன் அணி வீரரிடம் கேட்டாராம். ஜோன் கண்டி எங்கள் ஒன்ராறியோவில் பிறந்த நகைச்சுவை நடிகர். 1991இல் ஆர்கோநட்ஸ் அணியின் பங்காளிகளில் ஒருவராகவும் ஆனவர். இந்தக் கதையை இந்த நாட்டில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

நாங்கள் பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை. 92 யாரையும் ஒரே எறியில் தாண்ட அவர் பார்க்கவில்லை. மூன்று நிமிடம் என்பது நிறைய நேரம். எட்டு யார், ஏழு யார் என்று சின்னச் சின்ன எறிகளாகக் கொடுத்துக்கொண்டே போனார். நடுவழியில் கத்திக் கத்தி அவருக்கு மூச்சு முட்டித் தலை சுற்றியது. அந்த நிலையில் பந்தை எவருக்கும் எட்டாதபடி வெளியே எறிந்துவிட்டார். ஒரு தடவை போனது, பந்து போகவில்லை. பிறகு ஒரு தண்டனையால் 10 யார் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். உடனே ஜெறி றைஸுக்கு எறிந்த பந்தால் 27 யார் கிடைத்தது. கடைசியில் 34 வினாடி இருக்கும்போது 10 யார் தூரத்தில் இருந்து ஜோன் ரெய்லருக்கு எறிந்து ரச்டவுன். 20க்கு 16 என்று வெற்றி. 11 ஆட்டத்தில் 92 யார்.

இதிலே எங்களுக்குப் பிடித்தது அந்த வெளியே எறிந்த பந்துதான். முடியாத நேரத்திலே வீரம் காட்டாமல், குறைந்த நட்டத்தோடு அடுத்த தடவைக்குப் போவதும் ஒரு திறமை.

2002: துணிந்த பயிற்சியாளர், அடக்கமான எறி

2002 பெப்ரவரி 3. நியூ ஓர்லியன்ஸ். 36ஆவது சுப்பர்போல். சென்ட் லூயிஸ் றாம்ஸ் பலமான அணி. நியூ இங்கிலண்ட் பேற்றியட்ஸ் தோற்கும் என்றே பெரும்பாலானோர் நினைத்தார்கள். ஆனால் ஆட்டம் 17க்கு 17 என்று சமநிலையில் நிற்கிறது. மிச்சம் 1 நிமிடம் 21 வினாடி. பேற்றியட்ஸ் தன்னுடைய 17 யார் கோட்டில். ரைம்அவுட் ஒன்றுகூட இல்லை. குவாட்டர்பக் அந்தப் பருவத்தில்தான் முதன்முதலாக நிரந்தர இடம் பிடித்த ரொம் பிறேடி. 2000ஆம் ஆண்டுத் தெரிவில் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அதாவது 198 பேருக்குப் பிறகு.

நேர்முக வர்ணனை செய்த ஜோன் மடன் அனுபவமுள்ள பழைய பயிற்சியாளர். இப்போது ஒன்றும் செய்யாமல் நேரத்தைப் போகவிட்டு, மேலதிக நேர ஆட்டத்துக்குப் போவதே புத்தி என்று சொன்னார். அது பிழையான சொல் அல்ல. இந்த நிலையில் பந்து பறிபோனால் கிண்ணமே போகும்.

ஆனால் பயிற்சியாளர் பில் பெலிச்சிக் ஆடத் தீர்மானித்தார். எப்படி ஆடினார்கள்? பயங்கரமான நீள எறி ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற ஜே. ஆர். றெட்மண்டுக்கு 5 யார், பிறகு 8 யார். நிலத்தில் அடித்து மணிக்கூட்டை நிற்பாட்டல். மறுபடி றெட்மண்டுக்கு 11 யார். அவர் பக்கக் கோட்டுக்கு வெளியே ஓடிப் போய் மணிக்கூட்டை நிற்பாட்டினார். ஒரு எறி பிடிபடவில்லை. பிறகு ரோய் பிறவுணுக்கு 23 யார். அவரும் வெளியே போனார். இன்னும் 6 யார். பந்து எதிரணியின் 30 யார் கோட்டில். பிறேடி ஓடி வந்து பந்தை நிலத்தில் அடித்தார். 7 வினாடி மிச்சம். 48 யார் உதை. அடம் வினற்றியரி உதைத்தார். 20க்கு 17.

துணிவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாய்வது என்று நாங்கள் நினைக்கிறோம். இங்கே துணிவு திட்டத்தில் இருந்தது. எறிந்த கையிலோ அவதானம் இருந்தது. தேவையானது 100 யார் அல்ல, உதைக்கிற தூரம் மட்டுமே என்பதை அவர்கள் ஒரு கணமும் மறக்கவில்லை.

முழங்காலில் நிற்பதும் ஒரு ஆட்டம்

முன்னுக்கு நிற்கிற அணியின் குவாட்டர்பக் கடைசியில் பந்தை வாங்கி, பேசாமல் ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றுவார். பார்க்கச் சப்பென்று இருக்கும். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

1978 நவம்பர் 19. நியூஜேர்சியில் நியூயோர்க் ஜயன்ற்ஸ் 17க்கு 12 என்று முன்னுக்கு நிற்கிறது. அரை நிமிடம் வரையில்தான் மிச்சம். எதிரணியான பிலடெல்பியா ஈகிள்ஸிடம் ரைம்அவுட் இல்லை. முழங்காலை ஊன்றினால் ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் பந்தை ஓட்டக்காரனிடம் கொடுக்கும்படி வெளியில் இருந்து உத்தரவு வந்தது. கைமாறும்போது பந்து நழுவியது. ஈகிள்ஸின் ஹேர்மன் எட்வேர்ட்ஸ் அதைப் பொறுக்கிக்கொண்டு 26 யார் ஓடிப் புள்ளி எடுத்தார். 19க்கு 17 என்று ஈகிள்ஸ் வென்றது. உத்தரவு போட்ட துணைப் பயிற்சியாளரின் வேலை அடுத்த நாளே போயிற்று. அதற்குப் பிறகுதான் இந்த முழங்கால் வழக்கம் எல்லா அணிகளிலும் ஊன்றி நின்றது. வென்ற பிறகும் வெல்லப் பார்ப்பது ஆபத்து.

2022: பதின்மூன்று வினாடி

ரொறன்ரோவில் வேலை செய்கிறவர்கள் பஃபலோ பில்ஸ் என்ற பெயரைக் கேளாமல் இருக்க முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம், இரண்டு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற அணி. 2008 தொடக்கம் 2013 வரை அவர்கள் ரொறன்ரோவுக்கே வந்து சில ஆட்டங்கள் ஆடியதும் உண்டு.

2022 ஜனவரி 23 இரவு, கன்சஸ் சிற்றி நகரில் சீவ்ஸ் அணியோடு வெளியேற்று ஆட்டம். பில்ஸ் 36க்கு 33 என்று முந்தியபோது மிச்சம் இருந்தது 13 வினாடி. எங்கள் வேலைத்தலத்தில் பில்ஸ் மேலாடையோடு வருகிறவர்கள் பலர். அவர்கள் அப்போதே வென்றுவிட்டதாகத்தான் நினைத்தார்கள்.

அந்த 13 வினாடியில் என்ன நடந்தது? ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கும் உதையைப் பில்ஸ் நீளமாக உதைத்துவிட்டது. பந்து கோட்டுக்கு அப்பால் போய் விழுந்ததால் ஒரு வினாடிகூடச் செலவாகவில்லை. குட்டையாக உதைத்திருந்தால் எதிரி அதை எடுத்து ஓட நாலைந்து வினாடி போயிருக்கும் என்பது பிறகு எல்லோரும் சொன்ன நியாயம். சீவ்ஸிடம் மூன்று ரைம்அவுட்டும் இருந்தது. குவாட்டர்பக் பற்றிக் மஹோம்ஸ் முதலில் ரைறீக் ஹில்லுக்கு எறிந்தார்: 19 யார், 5 வினாடி. ரைம்அவுட். மிச்சம் 8 வினாடி.

அடுத்த ஆட்டத்துக்கு முன் ரவிஸ் கெல்சி எதிரணி நிற்கிற முறையைப் பார்த்தார். நடுவில் இடைவெளி இருக்கிறது. திட்டத்தில் தனக்குச் சொன்ன வழியை விட்டு நடுவாலே ஓடலாம் என்று மஹோம்ஸுக்குச் சொன்னார். மஹோம்ஸ் அப்படியே செய்யும்படி கத்தினார். 25 யார், 5 வினாடி. ரைம்அவுட். மிச்சம் 3 வினாடி. 49 யார் உதை. சமநிலை. மேலதிக நேரத்தில் முதல் ரச்டவுன் எடுத்தவர் வெற்றி என்பது அந்நாளைய சட்டம். நாணயச் சுண்டில் வென்ற சீவ்ஸ் பந்தைக் கொண்டுபோய் 42க்கு 36 என்று முடித்தது. பில்ஸின் குவாட்டர்பக் ஜோஷ் அலனுக்கு மேலதிக நேரத்தில் பந்து கையில் கிடைக்கவே இல்லை. இந்த ஆட்டத்துக்குப் பிறகு அந்த வருடமே வெளியேற்று ஆட்டங்களுக்கான சட்டத்தை மாற்றி இரண்டு அணிக்கும் பந்து கிடைக்கும்படி செய்தார்கள்.

பஃபலோக்காரரிடம் “பதின்மூன்று வினாடி” என்று சொல்லிப் பகிடி விடாதீர்கள். அது அவர்களுக்குச் செத்தவீட்டுக் கதை மாதிரி.

2015: தீர்மானம் வேறு, பெறுபேறு வேறு

இனி, எங்கள் சாப்பாட்டு மேசையில் இன்றைக்கும் தீராத வழக்குக்கு வருகிறோம். 2015 பெப்ரவரி 1. அரிசோனா மாநிலத்தில் 49ஆவது சுப்பர்போல். பேற்றியட்ஸ் 28, சியாற்றில் சீஹோக்ஸ் 24. சியாற்றில் எதிரணியின் ஒரு யார் கோட்டில் நிற்கிறது. ஒரு எட்டு வைத்தால் கிண்ணம். இரண்டாவது தடவை. 26 வினாடி. ஒரே ஒரு ரைம்அவுட். சியாற்றிலிடம் மார்ஷோன் லிஞ்ச் என்ற மலைபோன்ற ஓட்டக்காரர் இருக்கிறார். சற்று முன்தான் நாலு யார் இடித்துக்கொண்டு வந்தவர். எல்லோரும் அவரிடம் பந்து போகும் என்று பார்த்திருக்க, பயிற்சியாளர் பீற் கறோலின் அணி எறிகிற திட்டத்தை எடுத்தது. குவாட்டர்பக் றஸல் வில்சன் நடுப்பக்கமாக எறிந்தார். பேற்றியட்ஸின் புது வீரர் மல்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பந்தைப் பறித்தார். ஆட்டம் முடிந்தது.

இதைவிட முட்டாள்தனமான தீர்மானம் இந்த விளையாட்டின் சரித்திரத்திலேயே இல்லை என்று அடுத்த நாள் பத்திரிகைகள் எழுதின. எங்கள் மேசையிலும் அதே தீர்ப்புத்தான். ஆனால் பொறுமையாகக் கணக்குப் பார்த்தால் வேறொன்று தெரியும்.

மிச்சம் மூன்று தடவை, 26 வினாடி, ஒரு ரைம்அவுட். லிஞ்ச் ஓடி மறிக்கப்பட்டால் மணிக்கூடு ஓடும். ரைம்அவுட் எடுத்து நிற்பாட்டலாம். மறுபடி ஓடி மறிக்கப்பட்டால் நிற்பாட்ட ஒன்றுமில்லை. நாலாவது தடவைக்கு நேரம் போதாமல் போகலாம். மூன்று தடவையையும் பாவிக்க வேண்டுமானால் அதில் ஒன்றாவது எறியாக இருக்க வேண்டும். எறி பிடிபடாவிட்டால் மணிக்கூடு சும்மா நிற்கும். பிறகு ஓடலாம், ரைம்அவுட் எடுக்கலாம், இன்னொருமுறை ஓடலாம். அந்தப் பருவத்திலே ஒரு யார் கோட்டில் இருந்து எறிந்த பந்து அதுவரை ஒன்றுகூடப் பறிபோயிருக்கவில்லை. ஆகவே எறிவது என்ற தீர்மானம் பைத்தியக்காரத்தனம் அல்ல. குறை சொல்வதானால் எறிந்த இடத்தைச் சொல்லலாம். சனம் நெருங்கி நின்ற நடுப்பக்கத்தை விட்டு, தன்னுடைய ஆளுக்கு மட்டும் எட்டுகிற மூலைக்கு எறிந்திருக்கலாம்.

அதற்கு மேலாக, எதிரே நின்றவனும் சும்மா நிற்கவில்லை. இதே ஆட்டத்தை அந்த வாரப் பயிற்சியில் பட்லர் எதிர்கொண்டு தோற்றிருந்தார். அதனால்தான் சியாற்றில் வீரர்கள் நின்ற முறையைக் கண்டவுடன் அவருக்குப் பொறி தட்டியது. கறோலின் கணக்கு சரியாக இருக்கலாம். பட்லரின் பாய்ச்சல் அதைவிடச் சரியாக இருந்தது.

இந்த நாட்டில் “திங்கட்கிழமைக் காலைக் குவாட்டர்பக்” என்று ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்த பிறகு, முடிவு தெரிந்துகொண்டு, நானென்றால் இப்படிச் செய்திருப்பேன் என்று சொல்லுகிறவனுக்கு அந்தப் பெயர். வேலைத்தலத்தில் யாராவது உங்களை அப்படிச் சொன்னால் விளங்கிக்கொள்ளுங்கள், அது பாராட்டு அல்ல.

எங்கள் வீடுகளிலும் இந்தக் குவாட்டர்பக்குகள் இருக்கிறார்கள். “நீங்கள் அண்டைக்கு அந்தப் பாதையாலை போகச் சொன்னபடியால்தான்.” “உன்ரை அண்ணன் சொன்ன ஏஜென்சியை நம்பினபடியால்தான்.” “ஒரு கிழமை முந்தி வெளிக்கிட்டிருந்தால் அம்மாவையும் கொண்டு வந்திருக்கலாம்.” பத்து வருடம் கழித்து, சூடான வீட்டுக்குள் இருந்துகொண்டு, நடந்து முடிந்ததைத் தெரிந்துகொண்டு பேசுகிறோம். அன்றைக்கு அந்தத் தீர்மானத்தை எடுத்தவருக்கு என்ன தெரிந்திருந்தது? எத்தனை மணித்தியாலம் இருந்தது? மணிக்கூட்டை நிற்பாட்ட ஒரு ரைம்அவுட்டாவது இருந்ததா? இருந்த வழிகளில் குறைந்த ஆபத்து எது என்று பார்த்துத்தானே காலை வைத்தார்? பெறுபேறு பிழைத்துப் போனது என்பதற்காகத் தீர்மானமும் பிழை என்று ஆகிவிடாது. அவ்வாறே, தப்பி வந்து சேர்ந்த எங்களில் சிலர் எடுத்த தீர்மானம் எல்லாம் கெட்டித்தனமும் அல்ல. வினற்றியரியின் உதை கொஞ்சம் விலகியிருந்தால் பிறேடியை யார் புகழ்ந்திருப்பார்கள்?

கறோலும் வில்சனும் ஒருவரை ஒருவர் கைவிடாமல் அடுத்த பருவத்துக்கு வந்து விளையாடினார்கள். ஒரு குடும்பம் என்றால் அதையாவது பழக வேண்டும் என்பது எங்கள் எண்ணம். விளையாட்டு வேறு, உயிர் வேறு என்று தெரியாமல் எழுதவில்லை. ஆனால் குற்றம் சுமத்திச் சுமத்தியே பேச்சு நின்றுபோன சில வீடுகளை அறிந்தபடியால் எழுதுகிறோம்.

அடுத்த ஆட்டத்தில் பார்க்க வேண்டியவை

இந்த ஆட்டப் பருவம் செப்ரெம்பரில் தொடங்கிப் பெப்ரவரி நடுப்பகுதிக்குள் சுப்பர்போலோடு முடியும். அடுத்தமுறை பிள்ளை “இரண்டு நிமிசம்” என்று சொன்னால், கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களும் பக்கத்தில் போய் இருங்கள். இந்த நாலு கேள்வியையும் கேளுங்கள்.

ஒன்று: எத்தனை புள்ளியால் பின்னுக்கு? மூன்றுக்குள் என்றால் உதை போதும். நாலு என்றால் ரச்டவுன் வேண்டும். திட்டம் முழுவதும் இதில்தான் தொங்குகிறது.

இரண்டு: எத்தனை ரைம்அவுட் கையில் இருக்கிறது? இருந்தால் மைதானத்தின் நடுப்பக்கமும் எறியலாம். இல்லாவிட்டால் பக்கக் கோட்டை ஒட்டித்தான் எறிவார்கள். எதிரணியும் அங்கேதான் காவல் நிற்கும்.

மூன்று: பந்து பிடித்தவன் வெளியே ஓடினானா, உள்ளே விழுந்தானா? அவன் இன்னும் இரண்டு யார் ஆசைப்பட்டு உள்ளே விழுந்தால் இருபது வினாடி போகும்.

நாலு: குவாட்டர்பக் எறியாமல் விட்டது எது? மற்ற மூன்றையும் பழகிய பிறகே இது கண்ணுக்குத் தெரியும். தெரிந்தபிறகு ஆட்டத்தின் ருசியே வேறு.

இந்த நாலையும் கேட்டீர்களானால் பிள்ளை முதலில் உங்களை ஆச்சரியமாகப் பார்ப்பான். பிறகு தானே விளங்கப்படுத்தத் தொடங்குவான். இங்கே பிறந்து வளர்கிற பிள்ளைகள் எங்களுக்குச் சொல்லித் தரக்கூடிய விடயங்களில் இதுவும் ஒன்று. சொல்லித் தர அவர்களுக்கும் விருப்பம்தான். கேட்பதற்கு ஆள் இல்லை என்பதே அவர்களுடைய குறை. சோற்றை வேண்டுமானால் மைக்றோவேவில் திரும்பச் சூடாக்கலாம்.

அடுத்த இதழில் வருமான வரிப் படிவத்தோடு சந்திப்போம்.

வணக்கம்.